முதலாம் எண் யாருக்கு?

நம் வீட்டுக்கு ஒரு பையன் வந்தால் அவனிடம் கேட்பதற்கென்றே நாம் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். "என்ன படிக்கிறாய்?" என்பது அல்ல, அது பேச்சைத் தொடங்குவதற்காக. "வகுப்பில் எத்தனாவது?" என்பதுதான் அந்தக் கேள்வி. பையன் மூன்றாவது என்று சொல்லிவிட்டால், "அப்படியா! முதல் இரண்டு பேர் யார்?" என்று விசாரித்து, அவன் முகத்தை வாட வைத்துவிட்டுத்தான் காப்பியைக் கொடுப்போம்.

பள்ளிக்கூடத்திலாவது ஒரு சௌகரியம் இருக்கிறது. நாற்பது பேரும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். மார்க்கைக் கூட்டி வரிசைப்படுத்தினால் தீர்ந்தது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கிற வாலிபால் கிளப்புகளின் கதை அப்படி அல்ல. ஒவ்வொரு கோஷ்டியும் ஒவ்வொரு நாளில், ஒவ்வொரு எதிரியிடம், வேறு வேறு கேள்வித்தாள் எழுதுகிறது. எழுதிவிட்டு, "நாங்கள்தான் முதல்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதில் பொய்யும் இல்லை!

இந்த வழக்கை நான் நேரில் கேட்டது கீழக்கரையில். ராமநாதபுரத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஊர். பெயரைச் சொன்னதும் சிலருக்கு உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதி நினைவுக்கு வருவார். சிலருக்கு முத்தும் சங்கும். என்னைப் போன்றவர்களுக்குத் தொதல். வாலிபால் யாருக்கும் நினைவுக்கு வராது. ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் அந்த ஊர்ப் பையன்களுக்கு வேறு நினைவே கிடையாது. கிரிக்கெட்டுக்குப் பெரிய மைதானம் வேண்டும். ஒரு பகல் முழுவதும் வேண்டும். இதற்குப் பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் உள்ள தரை, இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். மஃரிப் தொழுகை முடிந்ததும் விளக்கைப் போட்டு ஆரம்பித்துவிடலாம்.

1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த வில்லியம் மார்கன், கூடைப்பந்தில் இடிபட முடியாத நடுவயது வியாபாரிகளுக்காகச் சாதுவான விளையாட்டு ஒன்றை உண்டாக்கினார். அதுதான் இது. சென்னையில் ஹாரி பக் 1920-ல் தொடங்கிய உடற்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் நம் பள்ளிக்கூடங்களில் இந்த ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். சாதுவான விளையாட்டு என்று மார்கன் நினைத்தது பந்தயத்தைப் பற்றி. பந்தயத்துக்கு முந்தின வாரம் நடக்கிற 'டிரா' கூட்டத்துக்கு அவர் கீழக்கரைக்கு வந்ததில்லை.

நான் தங்கியிருந்த நண்பரின் தெருவில் வாலிபர் சங்கத்தார் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்காக ஒரு மின்னொளிப் பந்தயம் நடத்த இருந்தார்கள். பதினொரு கோஷ்டிகள் பெயர் கொடுத்திருந்தன. டிரா போடுகிற கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். வெளியூர்க்காரன், எந்தத் தெருவையும் சேராதவன் என்பதே என் யோக்கியதை.

தோற்றவர் வெளியேறும் முறையில் பதினொரு கோஷ்டிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துப் பாருங்கள். எட்டாக இருந்தால் நான்கு ஜோடி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று என்று அழகாகப் போகும். பதினாறாக இருந்தாலும் அப்படியே. பதினொன்று என்றால், பதினாறுக்குக் குறைகிற ஐந்து இடங்களுக்காக ஐந்து கோஷ்டிகளுக்கு முதல் சுற்றில் ஆடாமலே மேலே போகும் பாக்கியம் கிடைக்கும். 'பை' என்கிறார்கள். மீதி ஆறும் மோதி, மூன்று அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும். அந்த ஐந்து பாக்கியசாலிகள் யார்? தவிர, பலசாலிகள் இருவர் ஆரம்பத்திலேயே மோதிக்கொண்டால் கடைசி ஆட்டத்துக்குக் கூட்டம் வராது. ஆகவே அவர்களைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். இதற்கு 'சீடிங்' என்று பெயர். விதைப்பது! இடம் விட்டு விதைத்தால்தானே பயிர் செழிக்கும்? ஆனால் எது விதை, எது பதர் என்று யார் சொல்வது?

சங்கத்துப் பெரியவர் ஒரு ஹாஜியார். அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். சென்ற ஆண்டு பக்கத்து ஊர்களில் நடந்த பந்தயங்களில் கோப்பை எடுத்தவருக்குப் பத்துப் புள்ளி, இரண்டாவதாக வந்தவருக்கு ஏழு, அரையிறுதி வரை வந்தவருக்கு நான்கு. கூட்டிப் பார்த்து மேலே இருக்கிற ஐவருக்குப் பை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. காகிதத்தைப் பார்த்தபோதுதான் சங்கதி விளங்கிற்று. ஒரு கோஷ்டி ஆறு ஊர்களுக்குப் போய் ஆறிலும் அரையிறுதியில் தோற்றிருந்தது. இருபத்து நான்கு புள்ளி. இன்னொரு கோஷ்டி இரண்டே ஊர்களுக்குப் போய் இரண்டு கோப்பைகளையும் எடுத்திருந்தது, இருபது புள்ளி. ஆறு ஊர்களுக்குப் போனவர்களிடம் வேன் இருந்தது. ஹாஜியாரின் காகிதம் ஆட்டத்தோடு சேர்த்து டீசலையும் அளந்துவிட்டது!

இதைப் பற்றி ஹாஜியாரைக் குறை சொல்வதற்கில்லை. உலக வாலிபால் சம்மேளனமே பல ஆண்டுகள், பெரிய பந்தயங்களில் எந்த இடத்தில் வந்தார்கள் என்று பார்த்துத்தான் நாடுகளுக்குப் புள்ளி கொடுத்து வந்தது. 2020-ல்தான் அதை விட்டது.

இன்னொருவர், "இடத்தை விடுங்க. எத்தனை ஆட்டம் ஆடி எத்தனை ஜெயிச்சாங்கன்னு பாருங்க" என்றார். இருபது ஆடிப் பதினெட்டு ஜெயித்த ஒரு கோஷ்டி உடனே முதலாவதாக வந்தது. அது தன்னைவிட நோஞ்சானான பையன்களையே தேடித் தேடி ஆடிய கோஷ்டி என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

ஜெயித்தது எத்தனை என்பதைவிட ஜெயித்தது யாரை என்பது முக்கியம். இந்த எண்ணம் புதிது அல்ல. மார்கன் வாலிபாலை உண்டாக்கிய அதே 1895-ல், ஜெர்மனியில் எட்மண்ட் லாண்டாவ் என்ற பதினெட்டு வயதுப் பையன் ஒரு சதுரங்கப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினான். பிற்காலத்தில் பெரிய கணித மேதையானவன். பந்தய முடிவுகளை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் விஷயம். ஒருவனுடைய மதிப்பு அவன் வென்றவர்களின் மதிப்பைக் கூட்டினால் வருவது. அவர்களுடைய மதிப்பு அவர்கள் வென்றவர்களின் மதிப்பைக் கூட்டினால் வருவது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் ஓர் இடத்தில் கணக்கு நிலைத்து நிற்கும். நம்மூரில் ஒருவருக்குப் பெண் கொடுக்கும்போது அவர் யார் யாரோடு சம்பந்தம் வைத்திருக்கிறார் என்று விசாரிக்கிறோமே, ஏறக்குறைய அதே முறைதான். கூகிள் நிறுவனத்தார் நூறு வருஷம் கழித்து வலைப்பக்கங்களை வரிசைப்படுத்தியதும் இந்த வழியிலேதான்.

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கு ஒரு சுருக்கு வழி செய்தார்கள். 1981-ல் கூடைப்பந்துக்காக ஏற்பட்டுப் பிறகு வாலிபாலுக்கும் வந்த ஆர்.பி.ஐ. என்ற கணக்கு அது. தன் வெற்றி விகிதத்துக்குக் கால் பங்கு, தன் எதிரிகளின் விகிதத்துக்கு அரைப் பங்கு, எதிரிகளின் எதிரிகளுக்குக் கால் பங்கு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மிகவும் பலவீனமான ஒரு கோஷ்டியை ஜெயித்தால், அந்தக் கோஷ்டியின் மோசமான விகிதம் உங்கள் கணக்கில் சேர்ந்து, ஜெயித்த பிறகு நீங்கள் கீழே இறங்கிவிடலாம். ஜெயித்ததற்குத் தண்டனை! கூடைப்பந்துக்காரர்கள் 2018-ல் இந்தக் கணக்கைக் கைவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கூட்டத்தில் சத்தம் அடங்கியபோது, ஒரு மூலையிலிருந்து மெலிந்த ஒரு பையன் எழுந்தான். என்ஜினீயரிங் படிக்கிறவன்; கையில் நீளமான நோட்டுப் புத்தகம். இரண்டு வருஷமாக அந்த வட்டாரத்தில் நடந்த ஆட்டங்களின் முடிவுகளை எல்லாம் எழுதி வைத்திருந்தான். ஈலோ முறைப்படி கணக்குப் போட்டிருப்பதாகச் சொன்னான். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் கற்பித்த அர்பாத் ஈலோ சதுரங்கத்துக்காகச் செய்த முறை அது. அமெரிக்கச் சதுரங்கச் சம்மேளனம் 1960-லும் உலகச் சம்மேளனம் 1970-லும் ஏற்றுக்கொண்டன. வாலிபாலின் உலகச் சம்மேளனம் 2020-ல் தழுவியதும் இதன் வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

பையன் அதை விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாரும் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கையில் வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றான். ஜெயித்தவர் தோற்றவரிடமிருந்து கொஞ்சம் பணம் வாங்கிக்கொள்ள வேண்டியது. இருவர் கையிலும் சமமாக இருந்தால் பதினாறு ரூபாய். ஒருவரிடம் நானூறு அதிகமாக இருந்து அவரே ஜெயித்தால், அது எதிர்பார்த்ததுதானே? மூன்றே ரூபாய்தான். ஆனால் குறைந்தவர் ஜெயித்துவிட்டால் இருபத்தொன்பது! நோஞ்சான்களை இருபது தடவை ஜெயித்தாலும் பெரிதாக ஒன்றும் சேராது. பலசாலியிடம் தோற்றாலும் பெரிதாக ஒன்றும் போகாது. கடைக்காரர்கள் நிறைந்த சபைக்கு இது உடனே புரிந்துவிட்டது.

அவன் வரிசையைப் படித்தான். ஊருக்கு வெளியே கடலோரத்து மீனவர் குடியிருப்பிலிருந்து வந்த கோஷ்டி ஐந்தாவதாக வந்தது. ஹாஜியாரின் காகிதத்தில் அதற்கு ஒரு புள்ளிகூட இல்லை.

"ஒரு கோப்பைகூட எடுக்காதவங்க எப்படி வாப்பா அஞ்சாவது?" என்று கேட்டார் ஹாஜியார்.

"எடுத்தவங்கள ஜெயிச்சிருக்காங்க, மாமா. வருஷத்துக்கு ரெண்டு பந்தயத்துக்குத்தான் போறாங்க. ரெண்டுலயும் முதல் ஆட்டமே பெரிய கோஷ்டிகூட விழுது. ஒருதரம் ஜெயிச்சாங்க, மத்த நேரம் அஞ்சாவது செட் வரைக்கும் போய்த் தோத்தாங்க."

இந்த இடத்தில்தான் விஷயத்தின் மர்மம் இருக்கிறது. வரிசை என்பது வெறும் அளவுகோல் என்று நாம் நினைக்கிறோம். பையன்களின் விளையாட்டில் அது அளவுகோல் மட்டும் அல்ல, கதவும்கூட. புள்ளி இல்லாததனால் பை இல்லை. பை இல்லாததனால் முதல் நாளே சாம்பியனோடு மோத வேண்டும். மோதித் தோற்றால் புள்ளி இல்லை. அடுத்த வருஷமும் அதே கதை. கடைசியில் நிற்கிற கோஷ்டியைக் கடைசியிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, "பார்த்தீர்களா, காகிதம் சரியாகத்தான் சொல்லிற்று" என்று காகிதத்தை மெச்சிக்கொள்ளலாம். பந்தயத்தில் கிடைக்கிற சர்டிபிகேட் பையன்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல. கல்லூரியில் இடம் கேட்கும்போதும் உத்தியோகத்துக்கு மனுப் போடும்போதும் விளையாட்டுக்காரர் ஒதுக்கீடு என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையில் முதல் படி, நாலு பேர் பார்க்கிற ஆட்டத்தில் ஆடுவது. ஆடவே விடாத வரிசை அந்தப் படியை எடுத்துவிடுகிறது.

ஈலோ முறையிலும் குறை இல்லாமல் இல்லை. கீழக்கரைக்கு எதிரே கடலில் வரிசையாகத் தீவுகள் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் உள்ள இருபத்தொரு தீவுகளில் ஏழு, கீழக்கரைக் கூட்டம் என்றே பெயர் பெற்றவை. ஒரு தீவுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தால், அந்தத் தீவில் யார் பணக்காரன் என்று தெரியும். அவன் அடுத்த தீவின் ஏழையைவிடப் பணக்காரனா என்று எப்படித் தெரியும்? இடையே படகு போக வேண்டும். கீழக்கரைப் பையன்கள் தமக்குள்ளேயும், மதுரைப் பையன்கள் தமக்குள்ளேயும் ஆடிக்கொண்டிருந்தால் இரண்டு பட்டியல்களையும் ஒட்ட முடியாது. நான் இதைக் கேட்டபோது பையன் தயங்காமல், "ஆமாம் சார். வெளியே போய் ஆடுற ரெண்டு மூணு கோஷ்டியை வச்சுத்தான் ஒட்டணும். அது சரியா ஒட்டாது" என்றான். இந்த நேர்மை பட்டியல் போடுகிற பெரியவர்களிடம் சாமானியமாகக் காணக் கிடைப்பதில்லை.

அதற்குள் மீனவர் குடியிருப்புக் கோஷ்டியின் காப்டன் எழுந்துவிட்டான். ஐந்தாவது இடம் கிடைத்ததில் அவனுக்குப் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் தெரியவில்லை.

"பாய், எங்களுக்குப் பையெல்லாம் வேண்டாம். எட்டுப் பேரு பஸ் சார்ஜ் போட்டு வர்றோம். பை குடுத்தா ராத்திரி பூரா உக்காந்து, மறுநாள் ஒரு ஆட்டம் ஆடித் தோத்தா அதோட போகணும். ரெண்டு ஆட்டமாச்சும் ஆட விடுங்க."

சபை சிறிது நேரம் பேசவில்லை. யாருக்குப் பை என்று ஒரு மணி நேரம் வாதாடியவர்களிடம், பையே வேண்டாம் என்று ஒருவன் சொல்லிவிட்டான். ஆட வந்தவனுக்கு ஆடாமல் இருப்பது ஒரு பாக்கியமா?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினொரு கோஷ்டிகளை நான்கு, நான்கு, மூன்றாகப் பிரித்தார்கள். பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். ஆறும் ஆறும் மூன்றும் பதினைந்து ஆட்டம், அரையிறுதி இரண்டு, இறுதி ஒன்று, ஆகப் பதினெட்டு. பழைய முறையில் பத்தோடு முடிந்திருக்கும். முன்னணி மூவரை மட்டும் பையனுடைய நோட்டுப்படி ஆளுக்கொரு பிரிவில் வைத்துவிட்டு, மற்ற எட்டையும் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். இரண்டு இரவில் முடிய வேண்டியது நான்கு இரவாகிறதே, விளக்குச் செலவுக்கு யார் பொறுப்பு என்று ஒருவர் கேட்டார். சீதக்காதி ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாயே என்று இன்னொருவர் சிரித்தார். ஹாஜியார் சிரிக்கவில்லை, ஆனால் நான்காவது இரவுச் செலவைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

பிரிவுக்குள் சமமாக வருகிறவர்களைப் பிரிப்பதற்குச் செட் விகிதம், புள்ளி விகிதம் என்று இருக்கின்றன. மூன்றுக்குப் பூஜ்யம் அல்லது மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தால் மூன்று புள்ளி. மூன்றுக்கு இரண்டு என்றால் ஜெயித்தவருக்கு இரண்டு, தோற்றவருக்கு ஒன்று. ஐந்தாவது செட் வரை போராடித் தோற்றவனை வெறுங்கையோடு அனுப்பாத இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏனென்றால் ஐந்தாவது செட் என்பது சாதாரணம் அல்ல. 2023-ல் சீனாவின் ஹாங்ஜோவில் ஆசிய விளையாட்டுப் பந்தயம் நடந்தபோது, உலக வரிசையில் 73-வது இடத்தில் இருந்த இந்தியா, 27-வது இடத்தில் இருந்த தென் கொரியாவைச் சந்தித்தது. கொரியர்கள் அந்தப் பந்தயத்தில் மூன்று தடவை தங்கம் வாங்கியவர்கள். 25-27, 29-27, 25-22, 20-25, 17-15 என்று இந்தியா ஜெயித்தது. இந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். இந்தியா எடுத்தது 116. கொரியா எடுத்ததும் 116! பந்துக்குப் பந்து சரிசமம். ஆனால் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். நாற்பத்தாறு படிகளின் வித்தியாசம் எங்கே போயிற்று? பிறகு இந்தியா ஜப்பானிடம் தோற்றது, பாகிஸ்தானிடமும் தோற்று ஆறாவது இடத்தில் முடித்தது. 73 என்ற எண் முழுப் பொய்யும் அல்ல. ஆனால் அந்த ஒரு மாலையில் அதற்கு மதிப்பு இல்லாமல் போயிற்று.

நாடுகளுக்கு எந்தக் கணக்கு வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் கிளப்புகளுக்குக்கூட வரிசை போட்டு வெளியிடுகிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்துவிட்டுக் கிளப்பை மாற்றுகிறார்கள். வரிசை இறங்கிவிடுமோ என்று நல்ல கோஷ்டியோடு ஆடவே பயப்படுகிற நிலைமை வருமானால், அந்த வரிசையைக் கிழித்துப் போடலாம் என்பது என் அபிப்பிராயம். இளைஞர் கோஷ்டிக்கு வரிசை போடுவதானால் அதற்கு ஞாபக சக்தி குறைவாக இருக்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முந்திய வெற்றி இன்றைய பையன்களுடையது அல்ல.

கீழக்கரையில் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். கிளப்பின் பெயரும் சட்டையின் நிறமும் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கிற ஆறு பேர் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் காலத்தில் இலங்கை, பர்மா; இந்தக் காலத்தில் துபாய், சவுதி, மலேசியா. வலையோரத்தில் பந்தை எடுத்துத் தூக்கிக் கொடுக்கிற செட்டர் ஒருவன் விமானம் ஏறிவிட்டால், அந்தக் கோஷ்டி பாதிக் கோஷ்டி. நோட்டில் மட்டும் ஆயிரத்து அறுநூறு என்று நிற்கும்.

ஊர் திரும்பிய பிறகு நோட்டுப் புத்தகப் பையனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. கணக்கைத் திருத்தியிருக்கிறானாம். ஆறு பேரில் ஒருவன் பயணம் போனால், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் கோஷ்டி வைத்திருக்கிற பணத்தில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது. செட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு. இதைக் கிளப்புக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களாம். ஒரே ஒரு தகராறு மட்டும் தீரவில்லை. லீவில் வருகிறவனைப் பற்றியது. வெளிநாட்டிலிருந்து நாற்பது நாள் லீவில் ஊருக்கு வந்து, அந்த நாற்பது நாளும் மாலையில் தவறாமல் வந்து ஆடுகிறான். கழித்த பணத்தைத் திருப்பிச் சேர்ப்பதா? சேர்த்தால் நாற்பத்தோராம் நாள் மறுபடி கழிக்க வேண்டும். "நீங்கள் எந்தத் தெருவும் இல்லாதவர், ஆகையால் உங்களைக் கேட்கச் சொன்னார்கள்" என்று எழுதியிருந்தான்.

சேர்க்க வேண்டாம், ஆனால் ஆட விடுங்கள் என்று பதில் எழுதினேன்.